கூரையில் படியும் புகை

ஜூன் 12, வியாழன். ஐந்தே காலுக்கு எழுந்தேன். கூரையில் விழும் மழைத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும் குழாயில் வடிகட்டித் துணியை அலசிக் கட்டினேன். இட்லி, ஆபீஸ், மாலை வீடு திரும்ப கராச்சர்மா பஸ். அதுவரை வழக்கமான நாள்தான்.

ஆனால், ஆறு மணிக்கு எங்கள் தெரு சங்கக் கூட்டத்தில் நடந்தது இருக்கிறதே... இன்னும் பரபரப்பு அடங்கவில்லை!

மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு ஒரு கொசு மருந்து கம்பெனிக்காரர் வந்திருந்தார். நாளைக் காலையே தெரு முழுக்கப் புகை அடிப்பார்களாம் — இலவசமாக. மெஷினும் சங்கத்துக்கே. சங்கத் தலைவர், ஹார்டுவேர் கடை பாண்டியன் அண்ணன், அந்த மெஷினைப் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். டெங்கு பயம் அவருக்கு. எனக்கும்தான்.

பக்கத்து வீட்டு ஷெஃபாலி எழுந்தாள். பெங்காலிப் பெண். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

"பாய்சாப், குழாய்த் தண்ணி மூணு நாளைக்கு ஒரு தடவைதான். மத்த நாள் பாப்பா குடிக்கிறது கூரைத் தண்ணி. உங்க புகை கூரையில படியாதா?"

"கொதிக்க வைங்க மேடம்."

"கொதிச்சா கிருமி சாகும். தவாயி, அந்த மருந்து, எங்கே போகும்?"

கூட்டத்தில் சிரிப்பு. அவரும் சிரித்தார். "ஃபுல் சேஃப் மேடம். விதிமுறைப்படிதான் அடிக்கிறோம்."

நான் எழுந்தேன். "அந்த விதிமுறையில கூரைத் தண்ணி குடிக்கிறவங்களைப் பத்தி இருக்கா?"

"மெயின்லேண்டுல அந்தக் கேள்வியே வரலையே..."

"மருந்தை டெஸ்ட் பண்ணினது யாரு?"

"எங்க லேப்தான்."

"விதிமுறை எழுதினது?"

"அந்தக் கமிட்டியிலயும் எங்க ஆள் இருக்கார் மேடம். கவலையே படாதீங்க!"

பொய் சொல்லவில்லை மனிதர். பெருமையாகச் சொன்னார்! கம்பெனிகள் லஞ்சம் கொடுத்துத்தான் விதியை வளைக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எதற்கு லஞ்சம்? விதி எழுத உதவிக்குப் போனாலே போதாதா? செய்பவரும் சோதிப்பவரும் விதி எழுதுபவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால், ஷெஃபாலியின் குழந்தைக்காக அங்கே யார் பேசுவது?

"அப்போ கொசு கடிச்சுச் சாகலாமா பாபி?" — 'அண்ணி' என்பதை இந்தியிலேயே சொல்லிப் பழகிய பாண்டியன் அண்ணன் என்னைக் கேட்டார்.

"வேண்டாம்ணே. கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும். சுகாதார ஆபீஸ் எழுத்துல கொடுத்தா, முதல்ல என் வீட்டுக்கே அடிங்க."

"அதுவரைக்கும் உங்க கடைக்குப் பின்னாடி கிடக்கிற டயர்ல தேங்கின தண்ணியைக் கீழே கொட்டுங்க, தலைவர்ஜி!" என்றாள் ஷெஃபாலி.

அவ்வளவுதான்... சிரிப்பில் கூட்டமே அதிர்ந்தது! அனுமதி வரும்வரை புகை வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் கேட்டதும், முதலில் நானும் ஷெஃபாலியும். பிறகு பின்வரிசை. பிறகு எண்ணவே தேவைப்படவில்லை. பாண்டியன் அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். மெஷின் வேனில் ஏறியது.

ஜூன் 13, வெள்ளி. காலை முதல் வேலையாக, எங்கள் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு டெலானிபூர் மேடு ஏறினேன். சுகாதார ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால், எனக்கும் முன்பாகவே வந்து நின்றிருந்தார் — பாண்டியன் அண்ணன். இந்த ஆபீஸ் எழுத்து வந்தால்தானே அவர் மெஷினும் திரும்ப வரும்!