தோர்வானின் கவசமும் மாதேஷின் துண்டும்

தோர்வான் தள்ளாடினான்.

விழுந்தது சாதாரணக் குத்து. அந்த விளையாட்டில் இருப்பதிலேயே சின்ன அடி. அதற்குத் தோர்வான் இரண்டடி பின்னால் போய் முழங்காலில் விழுந்தான். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் சென்னகிருஷ்ணன் நடத்தும் கேம் சென்டரில் அன்று பதினைந்து பேர் இருந்தோம். கொசு கடித்து யானை விழுந்ததைப் பார்த்ததுபோல நின்றோம்.

“டிவியில ஏதோ கோளாறுண்ணா,” என்றான் மாதேஷ்.

“அடி வாங்குனது உன் ஆளு. டிவி என்னப்பா பண்ணுச்சு?” என்றார் சென்னகிருஷ்ணன்.

மாதேஷ் மறுபடி ஆடினான். மறுபடியும் அதே குத்து, அதே முழங்கால். மூன்றாவது முறை அவன் திரையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விளையாட்டின் பெயர் ‘நக்கிள் யார்டு’. இருவர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் சண்டை. அதன் நான்காம் பாகம் அன்றுதான் எங்கள் சென்டருக்கு வந்திருந்தது. தோர்வான் அதில் ஒரு துறைமுகக் கூலி, மலைபோல உடம்பு. முதல் பாகத்தில் அவன் அடி வாங்குவதற்கென்றே பிறந்தவன். எவனும் அவனைத் தேர்ந்தெடுத்ததில்லை. இரண்டாம் பாகத்தில் கைக்கு நீளம் கொடுத்தார்கள். பாதித் திரைக்கு அப்பால் நிற்பவனையும் எட்டிப் பிடித்துத் தூக்கி அடித்தான். அப்போது பாதிப் பேர் தோர்வானாக ஆடினார்கள், மீதிப் பேர் தோர்வானைத் திட்டினார்கள். மூன்றாம் பாகத்தில் கையைக் குறுக்கினார்கள், தாவுவதையும் பிடுங்கிக்கொண்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது கவசம். அவன் கை ஓங்கிவிட்டால் இடையில் விழும் அடி எதுவும் அவனை நிறுத்தாது. வாங்கிக்கொண்டே வந்து, திருப்பிக் கொடுப்பான்.

“ஒவ்வொரு பாகத்துலயும் இவன்கிட்டருந்து ஒண்ணப் புடுங்கிட்டு ஒண்ணக் குடுக்கறானுங்க. புடுங்கறது எதுன்னு மட்டும் முன்னாடி சொல்ல மாட்டானுங்க,” என்று மாதேஷ் முன்பொருமுறை சொல்லியிருக்கிறான்.

நான்காம் பாகத்தில் தோர்வானுக்குக் கால் வந்துவிட்டது. ஓடினான், தாவினான். கவசமும் இருந்தது, ஆனால் தானாக வராது. கன்ட்ரோலரின் முன்விளிம்பில், வலது ஆள்காட்டி விரல் படியும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் கவசம். பிடித்திருக்கும் நேரமெல்லாம் அவன் உயிர்க்கோடு சொட்டுச் சொட்டாகக் குறையும்.

மாதேஷுக்கு வலது ஆள்காட்டி விரல் கிடையாது. நடுவிரலும் பாதிதான். அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சிப்காட்டில் தகடு வெட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்க்கிறோம். அவன் அஞ்செட்டிக்கு அப்பால், பஸ்ஸுக்காக மாட்டோடு சேர்ந்து காத்திருக்கும் ஒரு ஊர்க்காரன். ஐடிஐ முடித்துவிட்டு வந்தவனைப் பவர் பிரஸ்ஸில் போட்டார்கள். நான் அங்கே குவாலிட்டி செக்கிங். வந்து விழும் தகட்டுத் துண்டுகளை கேஜ் என்னும் அளவுக் கருவியில் வைத்துப் பார்ப்பவன். பஸ்ஸில் நான் கவிதைப் புத்தகம் படித்தால் எட்டிப் பார்த்துவிட்டு, “பாதி வரிலயே எறங்கிடறானே, அவன் ஸ்டாப்பிங் வந்துருச்சா?” என்பான். எனக்குச் சிரிப்பு வரும்.

அவனுடைய பிரஸ் பழையது. இரண்டு கைக்கும் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு கீழே இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் விரல் போக வழியில்லை. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் ஷிஃப்ட் டார்கெட் எட்டாது. எனவே எல்லாரும் ஒரு வேலை செய்வார்கள். அட்டையை நாலாக மடித்து வலது பொத்தானில் திணித்து, மேலே டேப் ஒட்டிவிடுவார்கள். இடது கை அமுக்கும், வலது கை தகட்டை உள்ளே தள்ளும். வேலை இரண்டு மடங்கு ஓடும். சூப்பர்வைசர் ரத்தினவேல் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், காலை டீ பெல் அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, அந்த வலது கை உள்ளே இருந்தது.

அவனைத் தரையில் கிடத்திவிட்டு வண்டி கொண்டுவர ஓடினார்கள். தரையில் விழுந்த துண்டுகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ரத்தினவேல் மெஷினைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாலேயே அந்தப் பொத்தானைக் காட்டினார். நான் போய் டேப்பை உரித்தேன். அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விசாரணைக்கு வந்தவர்கள் மெஷினில் எந்தக் குறையும் இல்லை, ஆளின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். மாதேஷ் இடது கையால் கையெழுத்துப் போட்டான். நான் அட்டையை எடுத்தபோது அவன் மயங்கிக் கிடந்தான், எதையும் பார்த்திருக்க மாட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அதன்பிறகு அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவன் வலது கையைப் பேன்ட் பையிலேயே வைத்துக்கொண்டான். கடையில் இடது கையால் காசு நீட்டுவான். “சோத்துக் கையில குடு தம்பி, நல்லா படிச்சவனாட்டம் இருக்கற,” என்று திட்டு விழும். திட்டை வாங்கிக்கொள்வான், கையைக் காட்ட மாட்டான். பஸ்ஸில் ஒரு அம்மா, “இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதை தெரியல,” என்று ஊர்வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தபோதும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.

சென்டருக்கு முதலில் வந்தது மழைக்கு ஒதுங்கித்தான். மூன்றாம் பாகத்துத் தோர்வானுக்கு விளிம்புப் பொத்தான் எதுவுமே தேவையில்லை. எல்லா அடியையும் வலது கட்டைவிரலாலேயே அடிக்க முடிந்தது. அது அவனுக்கு முழுசாக இருந்தது. கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஆடுவான். எந்தப் பொத்தானை அமுக்குகிறான் என்று எதிராளி பார்த்துவிடாமலிருக்கச் செய்யும் தந்திரம் அது என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். ‘மாதேஷ் டெக்னிக்’ என்று பெயரும் வைத்தார்கள். இரண்டு பையன்கள் தாங்களும் துண்டோடு வந்து, வேர்த்துக் கொட்ட ஆடித் தோற்றுப் போனார்கள்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் ஒரு சென்டர் உண்டு. மாதத்துக்கு ஒரு ஞாயிறு இரண்டு சென்டரிலிருந்தும் ஒவ்வொருவர் மோதுவார்கள். எங்கள் பக்கம் ஏழு மாதமாக மாதேஷ்தான். ஏழும் ஜெயித்தான். ஓசூரில் அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டும் ஒரே இடம் அந்த மாடி. அங்கே அவன் விரல் போனவன் இல்லை, தோர்வான்.

நான்காம் பாகம் வந்து ஒன்பதாம் நாள் அடுத்த மோதல்.

“வேற ஆளை எடுத்துக்கோப்பா. அந்தக் கத்திக்காரி இருக்கால்ல, நல்லா ஓடறா,” என்றார் சென்னகிருஷ்ணன்.

“வேணாண்ணா. இவனே போதும்.”

விளையாட்டில் மற்ற ஆட்களுக்கெல்லாம் மூன்று நான்கு விளிம்புப் பொத்தான்கள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “மெனுவுல போய் அந்தப் பட்டனை எடது பக்கம் மாத்திக்கலாம் மாதேசு.”

“மேட்ச்ல மெனுவுக்குள்ள போகக் கூடாது. ரெண்டு சென்டருக்கும் அதான ரூல்.”

“கேட்டா விடுவாங்க.”

“கேட்டா ஏன்னு கேப்பாங்கல்ல?”

பஸ் வந்தது. அவன் ஏறி, இடது கையால் சில்லறை கொடுத்து, கண்டக்டரிடம் ஒரு வசவு வாங்கிக்கொண்டான்.

ஞாயிறு மதியம் மாடியில் நிற்க இடமில்லை. அத்திப்பள்ளியிலிருந்து வந்தவன் புட்டராஜு. டைல்ஸ் கடையில் வேலை செய்பவன், வாய் ஓயாதவன். “ஏன்ப்பா, உங்க குண்டண்ணனுக்குக் கால் மொளச்சிருச்சாமே? ஓடறதுக்கா?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான். மூன்று சுற்று, இரண்டு ஜெயிப்பவனுக்கு ஆட்டம்.

மாதேஷ் பைக்குள்ளிருந்து தன் சொந்தக் கன்ட்ரோலரை எடுத்தான். அது அனுமதிதான். துண்டைப் போர்த்தினான்.

முதல் சுற்று தொடங்கியது. புட்டராஜு ஓடிவந்து குத்தினான். தோர்வான் அசையவில்லை.

மறுபடி குத்து, உதை, இன்னொரு உதை. எல்லாவற்றையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு தோர்வான் நடந்து வந்தான். பழைய தோர்வான். புட்டராஜுவின் ஆளைத் தலைக்குமேல் தூக்கினான். சென்னகிருஷ்ணன், “ஓரி தேவுடா!” என்று தன் தாய்மொழியான தெலுங்குக்குத் தாவினார். சுற்று மாதேஷுக்கு. பின்னால் இருந்தவர்கள் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்கள்.

எனக்கு மட்டும் கத்த வரவில்லை. விரல் இல்லாமல் கவசம் எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்றில்தான் கண்டுபிடித்தேன். தோர்வானின் உயிர்க்கோடு குறைந்துகொண்டே இருந்தது. அவன் அடிக்கும்போது குறைந்தது. சும்மா நிற்கும்போதும் குறைந்தது. சுற்று தொடங்கும் முன் எண்ணிக்கை ஓடியபோதே குறைய ஆரம்பித்திருந்தது. யாராவது அந்தப் பொத்தானை ஒரு நொடிகூட விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால்தான் அப்படி ஆகும். மனித விரல் அவ்வளவு விடாப்பிடியாக இருக்காது.

துண்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. குனிந்து பார்த்தேன்.

டேப். டேப்புக்கு அடியில் நாலாக மடித்த அட்டை. வலது பக்கம்.

என் காதுக்குள் பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டது. அதே மடிப்பு. ஓரத்தை உள்பக்கமாகத் திருப்பிவிடும் அதே பழக்கம். தன் விரலைத் தின்ற வேலையை அவன் தன் கையாலேயே மறுபடி செய்திருந்தான்.

இரண்டாம் சுற்று புட்டராஜுவுக்குப் போனது. அவனும் சும்மா இல்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்று, “நிக்கறப்பவே ஏன்டா ரத்தம் சொட்டுது உன் ஆளுக்கு? டவல் தெகி!” என்றான். துண்டை எடுக்கச் சொல்கிறான் என்று அங்கே எல்லாருக்கும் புரிந்தது.

“அவன் டெக்னிக்டா அது, அதெல்லாம் எடுக்க முடியாது!” என்று எங்கள் பக்கம் கத்தினார்கள். தள்ளுமுள்ளு ஆகும்போலிருந்தது. சென்னகிருஷ்ணன் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

மாதேஷே துண்டை எடுத்தான். மடித்து நாற்காலி முதுகில் போட்டான். டேப்பை உரித்து, அட்டையை எல்லாரும் பார்க்க எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு வலது கையை மேசைமேல் வைத்தான், ஏதோ சாமானை வைப்பதுபோல.

“கை இவ்ளோதான். அதுக்குத்தான் அட்டை,” என்றான்.

யாரோ ஒரு பையன் “அய்யோ” என்றான். துண்டோடு வந்து தோற்ற பையன்களில் ஒருவன் தன் துண்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஏழு மாதம் கைதட்டியவர்கள் அத்தனை பேரும் அந்தக் கையைத்தான் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

சென்னகிருஷ்ணன் விரித்த கையை இறக்கினார். “பட்டன்ல எதுவும் வெச்சு ஆடுனா... ரூல்படி... மேட்ச் போச்சு மாதேசா.”

“தெரியும்ணா. நான்தான தப்பு பண்ணேன்.” எழுந்துகொள்ளப் போனான்.

“கூத்கோ!” என்று புட்டராஜு அவனை அதட்டி உட்கார வைத்தான். அவனுக்குக் கோபம் வந்திருந்தது; கன்னடம் மட்டும்தான் வந்தது. “மொதலே ஹேளக்கே ஏனாகித்து நிங்கே?” முன்னாலேயே சொல்வதற்கு உனக்கு என்ன வந்தது என்று. கேட்டுவிட்டு, மாதேஷின் கன்ட்ரோலரைப் பிடுங்கி, யாரையும் கேட்காமல் மெனுவுக்குள் போய், கவசப் பொத்தானை இடது பக்கத்துக்கு மாற்றி அவன் மடியில் போட்டான். “இப்ப ஆடு. ஒரு சுத்து பாக்கி இருக்குல்ல?”

சென்னகிருஷ்ணன் ரூலை ஒதுக்கிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கிவைத்தார்.

மூன்றாம் சுற்று பார்க்க நன்றாக இல்லை. இடது விரலுக்கு அந்த வேலை புதிது. நகர வேண்டிய இடத்தில் கவசம் போட்டான், கவசம் வேண்டிய இடத்தில் தாவினான். தோர்வான் குழந்தைபோலத் தடுக்கித் தடுக்கி விழுந்தான். புட்டராஜுவும் இரக்கம் காட்டவில்லை. ஒரே ஒருமுறை, கடைசிக்குச் சற்று முன்னால், தோர்வான் தாவிய நொடியிலேயே கவசமும் வந்து விழுந்தது. காற்றில் உதை வாங்கிக்கொண்டே இறங்கி அடித்தான். மூன்றாம் பாகத்துத் தோர்வானால் அது முடியாது; அவனுக்குத் தாவவே தெரியாது. மாதேஷின் வாய் லேசாகத் திறந்தது. அடுத்த அடியில் தோற்றுப் போனான்.

எட்டாவது மாதம் அத்திப்பள்ளிக்குப் போனது. புட்டராஜு கீழே போய் எல்லாருக்கும் பப்ஸ் சொன்னான். படிக்கட்டில், “அந்தத் தாவுனதை எப்படிடா பண்ண?” என்று மாதேஷைக் கேட்டுக்கொண்டே இறங்கினான். “எனக்கே தெரியலப்பா,” என்றான் மாதேஷ்.

துண்டு நாற்காலியிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். பேக்கரி வாசலில் மாதேஷ் திரும்பி எனக்காக நின்றான். துண்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. மடித்த அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினான். வலது கையால்.

“இதையும் நீயே வெச்சுக்கோ முனிவேலு,” என்றான். “அன்னிக்கும் நீதான எடுத்த.”

அவன் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுடைய இரண்டரை விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அட்டை அப்படியே நின்றது. அத்திப்பள்ளி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் கையை நீட்டும்வரை அவன் தன் கையை இறக்கவில்லை.