மஞ்சள் கோட்டுக்கு வராத முள்

மக்கீனின் றேடியோக் கடை கல்முனைக் கடைத்தெருவில், பஸ் டிப்போவுக்குப் போகிற வழியில் இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், பின்னால் செத்த றேடியோக்களின் குவியல், அவ்வளவுதான். வீடு சாய்ந்தமருதில். கடல் காற்றுக்குத் திறந்து கிடக்கிற ஊர்களில் றேடியோ நெடுநாள் தாக்குப்பிடிக்காது. உள்ளே வெள்ளையாகப் பூத்து, குரல் கம்மி, ஒருநாள் ஒரேயடியாக ஊமையாகிப் போகும். மக்கீன் அதைப் பிரித்து, பழைய பல் தூரிகையால் அந்த உப்புப் பூப்பைச் சுரண்டி, துடைத்து, மறுபடியும் பேச வைப்பார். குடும்பம் சாப்பிட்டது அந்தப் பிழைப்பில்தான்.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளை வாசலை மிதிக்க மாட்டார். மிதிப்பதற்கு வாசல் வேண்டுமே! கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். மக்கீனுக்கு ஒரே மகள், சுல்பிகா. அவளுக்காகத் தன் வீட்டு வளவின் மேற்குப் பக்கத்தில் ஒரு கல்வீட்டைச் சிறுகச் சிறுக எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் பாதியில் நின்ற நேரம் எழுபத்தெட்டுச் சூறாவளி வந்து, வளவில் நின்ற இரண்டு பெரிய வேம்பையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மனைவி ஸம்ஸியா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாள். மக்கீன் மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அழாத புள்ள, அல்லாஹ் நம்மட மகளுக்குக் கதவு அனுப்பி இருக்கான்" என்றார்.

அந்த வருசம் ஊரே அவசரத்தில் இருந்தது. விழுந்த மரத்தைப் பச்சையாகவே அரிந்து கதவு போட்டவர்கள் அநேகம். அதில் பாதிக் கதவு செய்தவர் மரவேலை ஓடாவி காலிதீன், மக்கீனின் சிறுவயதுக் கூட்டாளி. அடுத்த கோடை வந்ததும் அத்தனை கதவும் அப்பளம் மாதிரி வளைந்தன. பூட்டினால் பூனை நுழைந்தது, தள்ளினால் மூட மறுத்தது. புது மாப்பிள்ளைமாரின் உம்மாமார் வந்து பார்த்து, "இதென்னகா, நாய்க்குப் போட்ட கதவா?" என்று பெண் வீட்டாரின் மானத்தை வாங்கினார்கள். காலிதீன் கொஞ்சக்காலம் பெரிய றோட்டால் நடக்கவே இல்லை.

மக்கீன் ஒருநாள் அவரது பட்டறைக்குப் போனார்.

"மச்சான், மரம் காஞ்சிட்டெண்டு நீ எப்பிடிக் கண்டுபிடிக்கிற?"

"தட்டிப் பார்ப்பன். தூக்கிப் பார்ப்பன். சீவல மணந்து பார்ப்பன்."

"அப்ப ஏன் எல்லாம் வளைஞ்ச?"

காலிதீன் உளியைக் கீழே வைத்தார். "தெரியாடா மச்சான். என்ட கையே எனக்குப் பொய் சொல்லிட்டு."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். மக்கீன் சூடு படாமலே பயந்துபோனார். ஆனால் பயத்தோடு ஒரு யோசனையும் வந்தது. ஈர மரத்தில் மின்சாரம் ஓடும், காய்ந்த மரத்தில் ஓடாது. ஓடுகிற அளவை முள்ளால் காட்ட முடிந்தால் கையை நம்பத் தேவையில்லை. பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? பழுதான கெசட் ரெக்கோடர் ஒன்றிலிருந்து சத்தத்துக்கு ஆடும் சிறு முள்ளைக் கழற்றினார். ட்ரான்சிஸ்டர் இரண்டு, பற்றரி, மரத்தில் குத்துவதற்கு இரண்டு கூர் ஆணி. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டிக்குள் அடங்கின. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

அடங்கின என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். மனிதன் பட்டபாடு கொஞ்சமா! ஆணியைத் தொட்ட விரலின் வியர்வைக்கே முள் துள்ளியது. ஆணிக்கு றப்பர் உறை போட்டார். நாருக்கு நேராகக் குத்தினால் ஒரு கணக்கு, குறுக்கே குத்தினால் வேறு கணக்கு. எப்போதும் குறுக்கேதான் என்று முடிவெடுத்தார். மாரியில் பெட்டிக்குள்ளேயே ஈரம் இறங்கியது. மெழுகு உருக்கி ஊற்றினார். அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்த கட்டையையும் கிணற்றில் ஊறப்போட்ட கட்டையையும் மாறிமாறிக் குத்தி, முள்ளுக்குக் கீழே இரண்டு கோடு வரைந்தார். பச்சை மரத்துக்குப் பச்சைக் கோடு, காய்ந்த மரத்துக்கு மஞ்சள் கோடு. "மரத்துக்குக் காய்ச்சல் பார்க்கிறார் டொக்டர் மக்கீன்" என்று கடைத்தெருவே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. சாகாமம் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த முதிரைப் பலகைகளை, மரம் விற்கிற மரக்காலையில் ஒவ்வொன்றாகக் குத்தி, "இது காஞ்சது, இது உள்ளுக்குப் பச்சை" என்று பிரித்து வைத்தார். அரிந்து பார்த்தார்கள். ஒன்றுகூடப் பிழை இல்லை. காலிதீன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மக்கீன் அன்று வீட்டுக்கு வந்து பெட்டியை மகளின் கையில் கொடுத்து, "இதால பார்த்துத்தான் மகள் உன்ட கதவு செய்வன். உன்ட மாமியார் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது" என்றார். அந்த ஒரு நாள் அவர் வாழ்க்கையில் நல்ல நாள்.

சுல்பிகாவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. நூஹு, அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அடக்கமான பிள்ளை. ஒருதரம் கடைக்கு வந்து, பழுது ஒன்றுமில்லாத றேடியோவைத் திருத்தக் கொடுத்துவிட்டு, சுல்பிகாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் வெகுநேரம் இருந்தான். மக்கீனுக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது. வீடும் எழும்பிவிட்டது. கதவும் யன்னலும் போட்டால் நிக்காஹ்.

அந்தக் கதவுக்கான வேம்பு காலிதீனின் பட்டறையில் இருந்தது. விழுந்த கையோடு அதைத் துண்டுபோட்டு, கடலோடு கலக்கும் தோணா ஓடையில் அமிழ்த்தி வைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீரில் கிடந்த மரம் உளுக்காது என்பது கடற்கரை வழக்கம். வெகுகாலம் ஊறவிட்டுத்தான் தூக்கி, பலகையாக அரிந்து, காற்றோட்டமாக அடுக்கியிருந்தார் காலிதீன். ஒரு கோடை முழுக்கக் காய்ந்திருந்தது. மக்கீன் போய் ஆணியைக் குத்தினார். முள் நேரே பச்சைக் கோட்டில் போய் நின்றது.

"இன்னும் காயல்ல மச்சான்."

காலிதீன் பலகையைத் தூக்கினார், தட்டினார். "பாரம் குறைஞ்சி கிடக்கே. சத்தமும் காஞ்ச சத்தம்."

"உன்ட கை முந்தியும் இப்பிடித்தானே சொன்ன?"

காலிதீனின் முகம் சுருங்கிப்போனது. "ஓம், அதுவும் சரிதான். முள்ளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது."

நோன்புப் பெருநாள் போனது, ஹஜ்ஜுப் பெருநாள் போனது. மாரி பெய்து ஓய்ந்தது. முள் பச்சையை விட்டு அசையவில்லை. பெட்டியில்தான் பிழையோ என்று மக்கீன் அதைப் பிரித்துப் பூட்டினார். காட்டு மரத்தில் குத்தினால் சரியாகத்தான் காட்டியது. மாப்பிள்ளையின் உம்மா ஆள் அனுப்பினாள். "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கக் கூடாதா? வளைஞ்ச கதவுக்குள்ள நூஹு தம்பிய இருத்துறதா?" என்று மக்கீன் சொல்லி அனுப்பினார். ஸம்ஸியா கெஞ்சினாள்: "இஞ்ச பாருங்க, ஏதோ ஒரு கதவப் போடுங்க. வளைஞ்சா பொறவு மாத்துவம்." அவர் கேட்கவில்லை. பிடிவாதம் என்று ஊர் சொன்னது. அது பிடிவாதம் இல்லை, பாசம். பாசம் பிடித்த பிடிவாதத்துக்கு மருந்தே இல்லை.

புடைவைக்கடை அப்துல் ஹமீட்டும் அப்போது தன் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வந்து அந்தப் பலகைகளைப் பார்த்தார்.

"அது ஈரம், ஹாஜியார்" என்றார் காலிதீன், உண்மையுள்ள மனிதன்.

"ஈரமெண்டாப் பறவாயில்ல. இப்ப வாசல்ல கதவு நிண்டாக் காணும்."

காலிதீன் மக்கீனைக் கேட்டார். காயாத மரத்தை வைத்து என்ன செய்வது? மக்கீன் சம்மதித்தார். அதற்குப் பதிலாகச் சாகாமத்துக் காட்டு மரம் எடுக்கலாம் என்பது அவர் எண்ணம். காட்டு மரத்துக்கு அனுமதி இன்று வரும் நாளை வரும் என்று இழுத்துக்கொண்டே போனது. இதற்கிடையில் அப்துல் ஹமீட் மகளுக்குக் கட்டிய வீட்டில் அந்த வேம்புக் கதவு ஏறியது. கதவு ஏறிய வீட்டுக்கு, மாப்பிள்ளையின் உம்மா நூஹுவைக் கொடுத்தாள். மகனின் சம்மதத்தை அவள் கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது.

மக்கீன் அப்போதும் ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பார், வாற கோடைக்கு அந்தக் கதவு வளையும். அப்ப தெரியும் நான் ஏன் பொறுத்தன் எண்டு." மகளிடமும் இதையே சொன்னார். சுல்பிகா கேட்டுக்கொண்டே வேலையைப் பார்ப்பாள். கோடை வந்து போனது. மாரி வந்தது. இன்னொரு கோடையும் வந்தது.

அந்தக் கோடையில் நூஹு ஆள் விட்டுக் கூப்பிட்டான். வீட்டு றேடியோ ஊமையாகிவிட்டதாம். மக்கீன் பகலில் போனார். நூஹு கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, உள்ளே போய்விட்டான். மக்கீன் றேடியோவைப் பிரித்து உப்பைச் சுரண்டினார். காற்று ஒன்று வீச, அவருக்குப் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. மெதுவாக, நிலையோடு ஒட்டி, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் மூடியது.

அவர் எழும்பிப் போய்ப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை கையால் தடவினார். வளைவு இல்லை, வெடிப்பு இல்லை. பையிலிருந்த பெட்டியை எடுத்து, கதவின் அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஆணியைக் குத்தினார். முள் பச்சைக்கு ஓடியது. இரண்டு கோடை கண்ட கதவு, எலும்பு மாதிரிக் காய்ந்த கதவு, இன்னும் பச்சையாம்.

பின்னால் பிரித்துக் கிடந்த றேடியோவைத் திரும்பிப் பார்த்தார். விரலில் இன்னும் அந்த வெள்ளைப் பூப்பு ஒட்டியிருந்தது. கதவின் அடியை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். முதலில் வேம்பின் கசப்பு. பிறகு உப்பு. தோணாவின் உப்பு. முள் காட்டியது ஈரத்தை அல்ல. வாழ்நாள் முழுக்க உப்பைச் சுரண்டிச் சாப்பிட்ட மனிதனுக்கு, உப்பிலும் மின்சாரம் ஓடும் என்பது மரத்தைக் கண்டதும் மறந்துபோயிற்று. றேடியோவைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டு, கூலி வாங்காமல் நடந்தார்.

மேற்குப் பக்கத்து வீட்டு வாசலில் கதவுக்குப் பதிலாகத் தென்னோலைக் கிடுகுத் தட்டிதான் நின்றது. சுல்பிகா அதை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள். மக்கீன் முற்றத்து மண்ணில் உட்கார்ந்தார். ஒளிக்க முடியவில்லை.

"மகள், அந்த மரம் அப்பவே காஞ்சிதான் இருந்திருக்கு. நான்தான்..."

சுல்பிகா கயிற்றைப் பிடித்தபடி திரும்பிக் கேட்டாள்.

"அப்ப அங்க கதவு நல்லா மூடுதா வாப்பா?"

"ஓம் மகள். நல்லா மூடுது."

அவள் தலையை ஆட்டினாள். அவிழ்ந்த பக்கத்தை இழுத்து, தட்டியை வாசலோடு சேர்த்துக் கட்டினாள்.