முதலில் கால், பிறகு முகம்

செருப்புக் கடைக்குள் யார் வந்தாலும் கடைக்கார அம்மா முதலில் காலைத்தான் பார்க்கிறார். முக்காலியில் உட்கார்ந்து, வந்தவரின் காலை இழுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டுகிறார். பிறகு பெருவிரல் நுனிக்கு முன்னால் தன் கட்டைவிரலை அழுத்தி, எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துவிட்டு, நிமிர்ந்து முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார். வாய் "சரியா இருக்கு" என்று சொன்னாலும் முகம் சுளித்தால் பெட்டியை மூடிவிடுவார். "மூஞ்சி பொய் சொல்லாதுங்க. நாளைக்குக் கொப்புளத்தோட வந்து என்னையத்தான் திட்டுவீங்க."

கழற்றிப் போட்ட பழைய செருப்பையும் புரட்டிப் பார்ப்பார். குதிகாலில் உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா, வெளிப்பக்கமா என்பதை வைத்து ஆளின் நடையைச் சொல்வார். இது என்ன ஜோசியமா என்று ஒருவர் கேட்டார். "ஜோசியம்னா காசு வாங்கிட்டுப் பொய் சொல்லணும். எனக்குச் செருப்பு விக்கவே நேரம் பத்தல" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஞாயிறு கடைக்கு விடுமுறை. அன்று காலை, விருப்பம் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டுவார். கட்டணம் கிடையாது, குதிகால் உயர்ந்த செருப்புக்கு மட்டும் அனுமதி இல்லை. மணிக்கூண்டு, மூடிக்கிடக்கும் அச்சகம், தண்ணீர்த் தொட்டி என்று போய், நடை பூங்காவில் முடியும். அங்கே ஒரு கல்பெஞ்சு. அதில் அவருடைய தாத்தாவின் பெயர் செதுக்கியிருக்கிறது. நகரசபை உறுப்பினராக இருந்து அந்தப் பூங்காவை உண்டாக்கியவர் அவர். "உக்காருங்க, நம்ம வீடுதான்" என்பார் பேத்தி. பெருமை இருந்தது, அதை அவர் மறைத்ததும் இல்லை.

போன மழையில் ரோஜாப் பாத்திகளைச் சுற்றி மண் கரைந்து, விளிம்புக் கற்கள் வெளியே தெரிந்தன. நீளமான கற்கள், எல்லாமே நடுவில் குழிந்திருந்தன. மழைத்தண்ணீர் அரித்தது என்றார் கூட வந்தவர் ஒருவர். இவர் உட்கார்ந்து கல்லைத் தடவினார். தண்ணீர் என்றால் ஓரத்தையும் சேர்த்தல்லவா அரிக்க வேண்டும்? இது கால்பட்டுத் தேய்ந்தது. கல்லின் ஒரு மூலையில் கதவு சுழல்வதற்கான குழியும் இருந்தது. அத்தனையும் வாசற்படிகள்.

அன்று மதியமே அத்தையிடம் போய்க் கேட்டார். அத்தைக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை. அங்கே குடிசைகள் இருந்தன, ஒரே நாற்றம், தாத்தாதான் ஆள் வைத்துச் சுத்தம் செய்தார் என்றார். இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றதற்கு, "அதெல்லாம் யாரு கேட்டா?" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுத்தம்! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்களைப் பெருக்கித் தள்ளியிருக்கிறார்கள். துரத்தியவருக்குப் பெஞ்சில் பெயர். துரத்தப்பட்டவர்களின் வாசற்படி பூச்செடிக்கு விளிம்பு. எனக்குக் கேட்கக் கேட்கக் கொதித்தது. அவரோ அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்: "குடிசைக்கு யாராவது கல்லுல படி போடுவாங்களா அத்தை?"

சிக்கல் அவருடைய அண்ணன்தான். அப்பா போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து, கடையும் வைத்துக் கொடுத்தவர். தாத்தாவுக்குப் பூங்காவில் சிலை வைக்க அலையாய் அலைந்து நகரசபையின் சம்மதத்தையும் வாங்கியிருந்தார். அடுத்த ஞாயிறு சிலைக்குழுவினர் நடைக்கு வர, பெஞ்சருகே தங்கை தாத்தாவின் பெருமையைப் பேசுவதாக ஏற்பாடு. படிக்கற்களைப் பற்றித் தங்கை முன்கூட்டியே அண்ணனிடம் சொல்லிவிட்டார். மறைத்து வைத்துச் சபையில் போட்டு உடைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "செத்தவரைத் தோண்டி எடுத்து உனக்கு என்னம்மா ஆகப்போகுது? பேசாம இரு. பேசினா, இனி என் வாசல்ல கால் வைக்காதே" என்று பதில் வந்தது.

அந்த ஞாயிறு நானும் போயிருந்தேன். குழுவினர் பெஞ்சில் வசதியாக அமர்ந்தார்கள், கூட வந்த அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டார். இவர் உட்காரவில்லை. பாத்தியருகே நின்று, மணிக்கூண்டைப் பற்றிப் பேசிய அதே குரலில் சொன்னார்: "இந்தப் பூங்காவை எங்க தாத்தா உண்டாக்கினாரு. அதுக்காக இங்க இருந்த வீடுங்களை இடிச்சாரு. இதெல்லாம் அந்த வீடுங்களோட வாசப்படி. இருந்தவங்க பேரு எனக்குத் தெரியல. சிலை வைக்கிறதுக்கு முன்னாடி அதைத் தேடணும்."

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் நெளிந்து, மெல்ல எழுந்துகொண்டார்.

"சும்மா கதை விடாதே" என்றார் அண்ணன். "மழைக்குத் தேய்ஞ்ச கல்லு."

தங்கை வாதாடவில்லை. அண்ணன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கடையில் செய்வதுபோலவே அவர் காலைப் பிடித்துச் செருப்பைக் கழற்றினார். காலைத் தூக்கி ஈரக்கல்லின் குழிவில் வைத்தார். அது அங்கே அடங்கி உட்கார்ந்தது. பெருவிரல் நுனிக்கு முன்னால் தன் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தினார். பிறகு நிமிர்ந்து, அண்ணனின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.