வேர்க்கடலைக்குப் பயந்த குளிர்காலம்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். நடத்திய பாடத்தைப் பிள்ளைகள் நிஜமாகவே நம்பிவிட்டால்தான் ஆபத்து. நீங்களும் சாக்பீஸ் பிடித்தவராக இருந்தால் இது புரியும்.

தலையில் விழுந்தது

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு வருஷம். டெல்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் உயிரியல் ஆசிரியர். எங்கள் ஒன்பதாம் வகுப்பும் ஜெர்மனியில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்து, 'பூமிக்குப் பாரமில்லாத சாப்பாடு' பற்றிப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தட்டில் இருப்பது எங்கே விளைந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்று பிள்ளைகள் மின்னஞ்சலில் எழுதிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் அவர்கள் இங்கே வருவார்கள். எல்லாப் பொறுப்பும் என் தலையில்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து டெல்லித் தண்ணீரைக் குடித்து ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று பிரின்சிபாலிடம் கேட்டேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "உங்களுக்கு இங்கிலீஷ் வரும், சாப்பிடவும் தெரியும், வேற என்ன சார் வேணும்?"

போஸ்டர்

எங்கள் பிள்ளைகள் யோசித்து யோசித்து, பூமிக்குப் பாரமில்லாத சாப்பாடாக வேர்க்கடலையைத் தேர்ந்தெடுத்தார்கள். மழைத் தண்ணீரிலேயே விளையும், மண்ணுக்கு நல்லது, மலிவு, சத்து. டெல்லிக் குளிரில் தெருவுக்குத் தெரு வண்டியில் குவித்து, உச்சியில் சின்னக் கணப்புச் சட்டி வைத்து விற்பார்கள். வராந்தா முழுக்கப் போஸ்டர் ஒட்டினோம். ஸ்ருதி என்ற பெண்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றாள். டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் தடுமாறும், ஆனால் வாய் ஓயாது.

வருகிற தேதி நெருங்கியபோது ஜெர்மன் ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வருகிறவர்களில் லேனா என்ற பெண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சே நின்றுவிடலாம். கூடவே ஊசி மருந்து கொண்டு வருவாள். அதை இரண்டு தடவை படித்தேன். வகுப்பில் போய்ச் சொன்னேன். ஸ்ருதி எழுந்தாள்.

"சார், போஸ்டர் சப்... எல்லாத்தையும் கிழிச்சிடலாமா?"

எந்தக் கடலை?

அன்றிலிருந்து எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் கடலை. பஸ் ஸ்டாப்பில் கடலைத் தோல், ஸ்டாஃப் ரூம் மேஜையில் கடலைத் தோல், ஒருநாள் என் சட்டைப் பையிலேயே தோல். எடுத்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

லேனா ஒரு நாள் ஸ்ருதி வீட்டில் சாப்பிடுவதாகத் திட்டம். கோல் மார்க்கெட் பக்கத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர், தஞ்சாவூர்க்காரர்கள். ஸ்ருதியின் அம்மாவிடம் போய், "எதிலேயும் கடலை போட்டுடாதீங்க மாமி" என்றேன். "எந்தக் கடலை?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்தார். கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை. கடைசியாக எண்ணெய் டின்னையும் கொண்டுவந்தார். அதுவும் கடலை எண்ணெய். எங்கள் மொழியில் எல்லாமே கடலை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

மாமியின் முகம் வெளுத்துவிட்டது. "சார், அந்தப் பொண்ணுக்கு என் ஆத்துல ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பேசாம ஹோட்டலுக்கே அழைச்சுண்டு போயிடுங்கோ."

ஊசி

லேனா வந்தாள். உயரமான, கலகலப்பான பெண். முதல் நாளே வகுப்புக்கு முன்னால் நின்று, பேனா மாதிரி இருந்த ஊசியைக் காட்டினாள். மூடியை உருவு, தொடையில் அழுத்து, விடாமல் பிடி. பழகிப் பார்க்க ஊசி இல்லாத ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்று தங்கள் தொடையில் அழுத்திப் பார்த்தார்கள். என் முறை வந்தபோது பயத்தில் அதைக் கீழே போட்டுவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. லேனா அதை எடுத்து என்னிடமே திரும்பக் கொடுத்து இங்கிலீஷில் சொன்னாள். "எனக்கும் தினம் பயம்தான் சார், அதனாலதான் இதைத் தினம் எடுத்துட்டுப் போறேன்."

ஐ.என்.ஏ. மார்க்கெட்

எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விசாரிக்க மார்க்கெட்டுக்குப் போனோம். ஜெர்மன் ஆசிரியை ஒரு கூட்டத்தோடு காய்கறிப் பக்கம் போனார். லேனாவும் ஸ்ருதியும் இன்னும் சிலரும் என்னோடு. ஒரு கடைக்காரர் அன்பாகக் கஜக் நீட்டினார். எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்கிற குளிர்கால மிட்டாய். "பையா, இஸ்மே மூங்ஃபலி ஹை?" என்று ஸ்ருதி வேர்க்கடலையைப் பற்றிக் கேட்டாள். "நஹீ பேட்டா, சிர்ஃப் தில்." எள் மட்டும்தான். அவர் சொன்னது பொய்யில்லை. லேனா நகத்தளவு கடித்தாள்.

அடுத்த கடைக்குள் நுழையும்போது கழுத்தைச் சொறிந்தாள். திரும்பிப் பார்த்தேன். உதடு தடித்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், விசில் மாதிரிக் காற்றுதான் வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்ருதி லேனாவின் பையைப் பிடுங்கி, ஊசியை எடுத்து, மூடியை உருவி, ஜீன்ஸோடு சேர்த்துத் தொடையில் அழுத்தினாள். "ஏக், தோ, தீன்" என்று சத்தமாக எண்ணினாள். கடைக்காரர் தன் வேனை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் அந்தச் சாலை முடியவே முடியாது போலிருந்தது. லேனாவின் மூச்சு ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே போனேன். அடுத்தது வராவிட்டால் என்ன செய்வேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவு இல்லை.

பிழைத்தாள். மாலை வரை படுக்க வைத்திருந்தார்கள். வேர்க்கடலை பர்ஃபி வெட்டிய கத்தியால்தான் கஜக்கையும் வெட்டியதாகக் கடைக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார். ஊசி போட்டது யார் என்று கேட்டு, சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னதும், அதுவரை கல்லாக நின்ற ஸ்ருதி உடைந்து போனாள்.

"எங்கே விளைஞ்சுதுன்னு எல்லார்கிட்டேயும் கேட்டேன் சார், எந்தக் கத்தின்னு கேக்கலையே!"

ரசம்

எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றேன். பிரின்சிபாலும் அதையேதான் நினைத்தார். ஆனால் லேனாவின் தாய் போனில், மகள் விரும்பினால் தொடரட்டும் என்று சொல்லிவிட்டார். லேனா விரும்பினாள்.

மாமி மறுபடி ஹோட்டல் என்று சொல்லவில்லை. புது எண்ணெய், புதுக் கரண்டி, தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த பாத்திரங்கள். கீரை மசியல், சிவப்புக் கேரட் பொரியல், ரசம். லேனா முதல் வாய் எடுத்தபோது நாங்கள் எல்லோரும் அவள் உதட்டையே பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை ரசம் கேட்டாள். மாமி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அவள் கை கழுவிய பிறகுதான் கீழே உட்கார்ந்தார்.

"அவ மூச்சு விடறாளான்னே பாத்துண்டிருந்தேன் சார், நான் மூச்சு விட்டேனான்னு தெரியலை."

எங்கள் கூட்டு முயற்சி மகத்தான வெற்றி என்று பள்ளி ஆண்டு மலரில் போட்டார்கள். அப்படி இன்னொரு வெற்றியைத் தாங்க எனக்குத் தெம்பில்லை என்பதை மட்டும் போடவில்லை.