நாற்பத்தொன்றாம் எண் இறங்கவே இல்லை

இந்தியானாவில் எங்கள் பிரையர்ட்டன் ஊரில் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே பேச்சுதான். கல்லூரிக் கூடைப்பந்து அணியின் கோச் ரென்னரை வைத்துக்கொள்வதா, துரத்துவதா? முடிவெட்டும் கடையில் அதே பேச்சு, சர்ச் வாசலிலும் அதே பேச்சு. ஊரே துரத்து என்றபோது கூடாது என்று நின்றவள் ஒருத்திதான். அவள் பெயர் ட்வைலா ஹோஸ்டெட்லர். அந்த ஆளுக்காக அவள் ஊரோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ட்வைலாவும் நானும் ஊர் சுற்றுகிறவர்கள் உள்ளேயே படுத்துத் தூங்கும் கேம்பர் வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் வேலை பார்க்கிறோம். அவள் ஜன்னல் பொருத்துவாள், நான் அடுத்து நின்று ஓரத்தில் பசை அடைப்பேன். ஆள் குள்ளம், வாய் நீளம். ஒருநாள் சூப்பர்வைசர் வந்து ஜன்னல் சீக்கிரம் ஆகட்டும் என்று அவசரப்படுத்தினார். "மழை பெய்யும்போது இந்த வண்டிக்குள்ள நீங்களா தூங்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அதே வேகத்தில்தான் வேலையைத் தொடர்ந்தாள். ஆட்டம் உள்ள நாட்களில் அரங்கிலும் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

அவள் மகன் கோல்பி அந்த அணியில் இருந்தான். உதவித்தொகை கிடையாது. கட்டணத்தை அவளே ஓவர்டைம் பார்த்துக் கட்டினாள். அடுத்த ஆட்டம் எந்த அணியோடோ, பயிற்சியில் அந்த அணியின் நட்சத்திரமாக அவன் ஆடிக் காட்ட வேண்டும். ஒரு வாரம் இடதுகைக்காரன், மறுவாரம் மூலையிலிருந்து பந்து எறிகிறவன். நம் பையன்கள் அவனைத் தடுத்தும் இடித்தும் பழகிக்கொள்வார்கள். ஆட்டத்தன்று அவன் நாற்பத்தொன்று போட்ட சட்டையோடு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பான். "ரெடியா இரு, கூப்பிடுறேன்" என்பார் ரென்னர். நான்கு வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

ட்வைலா இதற்கெல்லாம் கோபப்படவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கோல்பியின் இரண்டாம் வருடத்தில் அவள் கணவன் மெர்ல் இறந்துபோனான். ரென்னர் அணியைக் கோட்டு சூட்டோடு கூட்டிவந்து கல்லறையில் கடைசிவரை நிறுத்தினார். பிறகு அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மசித்த உருளைக்கிழங்கின்மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டார். நானும் அந்த மேசையில் இருந்தேன். கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சீனியர் நைட் அன்னிக்கு உங்க பையன் முதல் அஞ்சு பேர்ல இறங்குவான். இது நான் குடுக்கிற வாக்கு" என்றார்.

சீனியர் நைட் என்பது உள்ளூரில் நடக்கும் கடைசி ஆட்டம். படிப்பை முடிக்கும் பையன்கள் பெற்றோரோடு கையில் பூவுடன் ஆடுகளத்துக்கு நடந்து வருவார்கள். வருடம் முழுக்க பெஞ்சில் இருந்தவனையும் அன்று முதல் ஐவரில் இறக்குவார்கள். ஒரு நிமிடம் ஆடினால் போதும், அரங்கமே எழுந்து நிற்கும். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் இதை மீறிய கோச் எவரையும் எங்கள் ஊர் பார்த்ததில்லை.

ரென்னர் விஷயத்தில் ஊர் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு மார்ச் மாதம் தேசியப் போட்டியில் எங்கள் அணி இரண்டு ஆட்டம் வென்றுவிட்டது. எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. அடுத்த வாரமே கல்லூரி நிர்வாகம் அவருக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்டது. சம்பளம் மாநில ஆளுநர் வாங்குவதைவிடப் பல மடங்கு. நடுவில் அனுப்பினாலும் மிச்ச வருடங்களுக்கு முழுச் சம்பளமும் தர வேண்டுமாம். பழைய லாரி வாங்கினால்கூட இரண்டு தரம் ஓட்டிப் பார்க்கிற ஊர் இது. கூடைப்பந்து என்றால் மட்டும் அறிவைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

பிறகு தோல்விமேல் தோல்வி. இந்த அணிக்கு ஆள் என்று முகம் காட்டவே வெட்கம் என்று மாணவர்கள் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தார்கள். வீட்டு முற்றங்களில் 'ரென்னரே வெளியேறு' என்று பலகை முளைத்தது. ஒவ்வொரு திங்கள் மாலையும் பீட்சா கடையில் இருந்து அவருடைய ரேடியோ நிகழ்ச்சி நடக்கும், ஊர்க்காரர்கள் போன் செய்து கேள்வி கேட்கலாம். ட்வைலா தவறாமல் போன் செய்து அவருக்காகப் பேசினாள்.

"அந்தாளுக்கு நீ என்ன வக்கீலா?" என்று வேலைக்கு நடுவில் கேட்டேன்.

"என் வீட்டுல சாப்பிட்டவர், லாய்ட்."

"எங்க மாமாகூடத்தான் உன் வீட்டுல சாப்பிட்டார். அவரைக் கோச்சா போடுவியா?"

"உங்க மாமா சொன்ன வாக்கைக் காப்பாத்துவாரா? இவர் காப்பாத்துவார், பாரு."

சீனியர் நைட் வந்தது. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் ரென்னருக்கு இன்னொரு வருடம் என்று ஊரில் பேச்சு. ட்வைலா லீவு போட்டு, நீல உடையில், கணவன் மெர்லுடைய படம் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்தாள். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகளத்தின் நடுவுக்கு நடந்தாள். ரென்னர் அவளைக் கட்டிப்பிடித்துப் பூ கொடுத்தார். அவள் இருக்கைக்குத் திரும்பியதும் மைக்கில் முதல் ஐவரின் பெயரை வாசித்தார்கள். கோல்பி அதில் இல்லை.

"தப்பா படிச்சுட்டான்" என்றாள் ட்வைலா.

நான் பெஞ்சைப் பார்த்தேன். கோல்பி ஆட்டச் சட்டைக்கு மேல் போட்டிருந்த மேல்சட்டையின் பொத்தான்களைக் கழற்றி ஒரு கையை வெளியே எடுத்திருந்தான். அந்தக் கையை மறுபடி உள்ளே விட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினான்.

சரி, வேலை போகிற பயம், ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தார், அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஜெயித்தாரா? இடைவேளைக்குப் பிறகு எங்கள் அணி சுருண்டது. கடைசி மூன்று நிமிடத்தில் இருபத்துநான்கு புள்ளி பின்னால். எதிர் அணியின் கோச் தன் பெஞ்சில் இருந்த பொடிப் பையன்களை எல்லாம் இறக்கிவிட்டார். அப்போது மாணவர் பக்கம் யாரோ "கோல்பி" என்று ஆரம்பிக்க, அரங்கம் முழுக்க அந்தப் பெயர் ஏறியது. காகிதப் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கத்தினார்கள். ரென்னர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். தன்னை வெளியேறச் சொன்ன அதே வாய்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மணி ஒலிக்கும்வரை அந்தக் கையை அவிழ்க்கவில்லை. எங்கள்மேல் இருந்த கடுப்பை அந்தப் பையன்மேல் தீர்த்துக்கொண்டார். ஒரு மனிதன் இதைவிட அற்பனாக முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் கோல்பி வந்து, "விடும்மா, பரவால்ல" என்றான்.

"உனக்குப் பரவால்ல. எனக்கு இல்ல" என்றாள் ட்வைலா.

திங்கட்கிழமை பீட்சா கடையில் நிற்க இடமில்லை. ட்வைலா நேரிலேயே போனாள். அவள் அந்த ஆளை நார் நாராகக் கிழிக்கப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். மைக்கை வாங்கினாள்.

"கோச்சை அனுப்பாதீங்க" என்றாள். கடையில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. "அனுப்பினா என்ன ஆகும்? வீட்டுல உக்கார வெச்சு முழுச் சம்பளம் குடுப்பீங்க. எதுக்கு? என் பையன் நாலு வருஷம் அந்தப் பெஞ்சுல காசு கட்டி உக்காந்தான். இவர் காசு வாங்கிட்டு உக்காரட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரட்டும். எங்க எல்லார் கண்ணு முன்னாடியும், ஒப்பந்தம் முடியிற வரைக்கும் உக்காரட்டும்."

ரென்னர் தண்ணீர் குடித்தார். விளம்பரம் போட்டார்கள்.

கல்லூரிக்காரர்கள் அவள் பேச்சையா கேட்பார்கள்? அந்த வாரமே அவரை அனுப்பி, மிச்சப் பணத்தையும் ஒழுங்காகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஊர் கார் ஹாரனை அடித்துக் கொண்டாடியது. அது தங்கள் தலையில்தான் விடியும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அடுத்த சீசனுக்கு டிக்கெட் விலை ஏறியது, அவ்வளவுதான்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மதியம் ட்வைலா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதே மேசை, அதே கோழி நூடுல்ஸ். கோல்பி பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தான், இயந்திரச் சத்தம் கேட்டது. வாசல் மணி அடித்தது. ரென்னர் நின்றிருந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய நாற்பத்தொன்றாம் எண் சட்டை.

"கோல்பி இருக்கானா? இதை அவன் கையில குடுக்கணும். அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றார். குரல் உண்மையாகவே இறங்கியிருந்தது.

ட்வைலா கராஜ் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க கோச். ரெடியா இருங்க, கூப்பிடுறேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும் என்று நம்புகிறவர் மாதிரிதான் இருந்தார்.

"எவ்வளவு நேரம் உக்கார வைப்ப?" என்று கேட்டேன்.

"சாப்பிடு, ஆறிடும்" என்றாள்.

நான் சாப்பிட்டு முடித்தேன். அவள் தட்டுகளைக் கழுவினாள், துடைத்தாள், அடுக்கினாள். பின்பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அவனைக் கூப்பிடவில்லை.