மொட்டைக்கு ஒரு விலை

என் அறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு வெள்ளைத் துணித் தொப்பி தொங்குகிறது. திருப்பதி மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் வெயிலுக்கு வாங்குவது. ஊர் போய்ச் சேர்ந்ததும் தூக்கி எறிந்துவிடுவார்கள். நான் இந்த ஊரிலேயே குடியிருக்கிறவன். ஆனாலும் முடி வளர்ந்த பிறகுகூட அதை மாட்டிக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போனேன். காரணம் டிரைவர்.

டிரைவர் எங்கள் ஃபாக்டரி பஸ்ஸை ஓட்டியவர். தமிழும் பேசுகிற எல்லையோரத்துப் பாலசமுத்திரத்துக்காரர். நான் பெண்டாட்டி பிள்ளைகளை அரக்கோணத்தில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே மாடியில் அடுத்தடுத்த அறைகள். தெலுங்குக்காரர்கள் மச்சானைக் கூப்பிடுவதுபோல் என்னை ‘பாவா’ என்பார். வந்த புதிதில் இந்த ஊரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எங்கு பார்த்தாலும் லாட்ஜ், ஜீப், கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நான் தக்காளிக்குக் கேட்ட விலையைக் கொடுத்ததைப் பார்த்துவிட்டார்.

“இன்னா பாவா, கோபுரத்த பாத்துக்கினே காச குடுக்குற? இந்த ஊர்ல ரெண்டே சாதி. மலைக்கி வந்துட்டு போறவன் ஒண்ணு, இங்கயே கெடக்குறவன் ஒண்ணு. வெலயும் ரெண்டு.”

அதற்குப் பிறகு ஞாயிறுகள் எங்களுடையவை. கோயிலுக்குப் போகவே மாட்டோம். கோபுரத்தின் முதுகுப் பக்கச் சந்துகளில் நுழைவோம். பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டில் ராகி சங்கடி, நம் ஊர்க் கேழ்வரகுக் களிதான். சுடச்சுட உருண்டையின் நடுவில் குழி செய்து கோழிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். “மென்னு துன்னாத, முழுங்கு” என்று என்னைக் கிண்டல் செய்வார். பிறகு பூக்கடைகள், பாத்திரக்கடைகள். கடைசியில் கீரைக்காரம்மா. அந்த அம்மா எங்கள் தமிழைக் கேட்டதும் “வந்துட்டாங்க ரெண்டு அரவோள்ளு” என்று சிரிக்கும். தமிழர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆளுக்கொன்றாக இரண்டு கட்டுச் சிறுகீரையைக் கேட்காமலேயே ஒன்றாகச் சேர்த்து வாழைநாரால் கட்டிக் கொடுக்கும்.

டிரைவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. இந்த ஊரில் மொட்டைத் தலையோடு நடக்க மாட்டார். நைனா செத்தபோது பாலசமுத்திரத்தில் மொட்டை போட்டுக்கொண்டவர், முடி வளரும் வரை பஸ்ஸை விட்டு மார்க்கெட் பக்கம் இறங்கவே இல்லை. “மொட்டய பாத்தா தெரிஞ்சவன்கூட வெளியூர்க்காரன்னு நெனச்சி ‘ரா சாமி’ன்னு கூப்புடுவான். பாவா, நீயும் போட்டுக்காத” என்பார்.

வயிற்று வலியை என்னிடம்கூட மறைத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் தீரவில்லை. ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. பாலசமுத்திரத்தில் உறவுக்காரர்கள் ஆளாளுக்கு ஓர் உறவுமுறை சொல்லி நின்றார்கள். நான் பந்தலுக்கு வெளியே செருப்போடு நின்றேன். நீ யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்வது? பக்கத்து அறைக்காரன் என்றா? அவருக்காக மொட்டை போட்டுக்கொள்ள அங்கே எனக்கு உரிமை இல்லை. திரும்பி வந்து மலையேறி, வரிசையில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன். சாமிக்காக இல்லை. வேறு எங்கே போய்க் கொடுப்பது என்று தெரியவில்லை.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் மொய்த்தார்கள். சந்தனம் பூசட்டுமா என்றான் ஒருவன். தொப்பிக்காரன் தொப்பியை என் தலையிலேயே மாட்டிவிட்டுக் காசு கேட்டான். கீரைக்காரம்மாவும் “தீஸ்கோ சாமி, எடுத்துக்கோ” என்று யாத்திரைக்காரன் விலையைச் சொன்னது. நான் வாயைத் திறந்ததும்தான் அடையாளம் தெரிந்தது.

“அய்யய்ய, நுவ்வாண்ணா, நீயா! மொட்டல தெர்லியே. யாருக்கு வேண்டுதல்? எங்க உன் ஜோடி?”

அந்தச் சந்துகளில் எவருக்கும் அவர் செத்தது தெரியாது. நான் வாயைத் திறக்காதவரை அங்கே அவர் உயிரோடிருந்தார்.

“ஊருக்குப் போய்க்கிறாரு” என்றேன். இரண்டு கட்டுக் கீரையையும் வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை வாட விட்டேன்.

அதற்குப் பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, மார்க்கெட்டின் மறுகோடியில் முகம் தெரியாதவர்களிடம் அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கினேன். டிரைவர் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஊரில் நானே யாத்திரைக்காரனாக அலைந்தேன். சங்கடி வீட்டுப் பக்கமும் போகவில்லை.

போன ஞாயிறு மழை. ஒதுங்க இடம் தேடி ஒரு தார்ப்பாயின் கீழே நுழைந்தேன். கீரைக்காரம்மாவின் தார்ப்பாய். அந்த அம்மா தொப்பியைப் பார்த்தது. “சாமி” என்று கூப்பிடவில்லை. ஜோடி எங்கே என்றும் கேட்கவில்லை. கூடையிலிருந்து ஒரு கட்டுச் சிறுகீரையை எடுத்து ஈரத்தை உதறி, என் கையில் வைத்தது. ஒரே கட்டு. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

“தல நனஞ்சிட்டுது. தொப்பிய எடுத்துடுண்ணா” என்றது.

எடுத்துவிட்டேன். அன்று ஆணியில் மாட்டியது, இன்னும் காய்கிறது.