இப்பதான் மெஸ்ல பாத்தேன்

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் தங்கிப் படித்த யாரிடம் வேண்டுமானாலும் வார்டனம்மாவைப் பற்றிக் கேளுங்கள், முதலில் அவருடைய கைதட்டலைத்தான் சொல்வார்கள். மெஸ் மூடும் நேரம் வந்ததும் வாசலில் நின்று இரண்டு தட்டு தட்டுவார். அவ்வளவுதான். வாயில் இருப்பது உள்ளே இறங்கியதோ இல்லையோ, அத்தனை பெண்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எவளாவது ஆற அமர மென்றுகொண்டிருந்தால், "என்னம்மா, விருந்துக்கா வந்திருக்க? எந்திரி, டேபிள் தொடைக்கணும்" என்பார். குரலில் கோபம் இருக்காது. ஆடு ஓட்டுகிறவர் ஆட்டைக் கோபித்துக்கொண்டா ஓட்டுகிறார்?

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிற வேலை அது. மூன்றாம் மாடிக் குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் இரண்டாம் மாடியில் ஒருத்தி குழாயைத் திறந்து விட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருப்பாள். விளையாட்டு அறையில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை. கேரம் காய்களில் சிவப்பு மட்டும் வருடா வருடம் எப்படித் தொலைகிறது, அதை எடுத்துப் போய் என்னதான் செய்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இதற்கு நடுவில் ஒரே அறையில் இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, நடுவே கயிறு கட்டித் துணி காயப்போட்டு எல்லை பிரித்திருப்பார்கள். அதையும் இவர்தான் போய் அவிழ்க்க வேண்டும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உயிரை வாங்குவது தொலைபேசி. மகள் ஒரு வேளை ஃபோன் எடுக்காவிட்டால் போதும், பெற்றவர்கள் வார்டனம்மாவை அழைத்துவிடுவார்கள். அழைக்கத்தான் செய்வார்கள், பாவம், பெற்ற வயிறு அல்லவா. ஆனால் அத்தனை பெண்களில் எவள் எவள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்று சொல்லவும் முடியாது. அதற்காக வார்டனம்மா ஒரு வழி வைத்திருந்தார். முதலில், "ரூம் நம்பர் என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்பார். எண்ணைக் கேட்டதும், "ஆங், அந்தப் பொண்ணா!" என்று ஒரு இழுப்பு. பிறகு, "இப்பதான் மெஸ்ல பாத்தேன். சிரிச்சுக்கிட்டே போனா. ஒண்ணும் கவலப்படாதீங்க." அந்தச் சிரிப்புக்குத்தான் வேலை அதிகம். அதைக் கேட்டதும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு வரும். சில அம்மாக்கள் அழுதுவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஃபோனை வைத்த கையோடு மாடியேறிப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். பொய்யை உண்மையாக்கிவிட்டு வருகிற மாதிரி. அப்புறம் முட்டி வலி வந்தது, வேலை கூடியது, அதற்காக மாடியேறுவது நின்றுபோனது. வாக்கியம் மட்டும் மிஞ்சியது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சொல்லிச் சொல்லி அவருக்கே அது பொய் என்பது மறந்துபோயிருந்தது.

அவருக்கும் ஒரே மகள். கணவர் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போன கதை இங்கே வேண்டாம். அந்த ஆளுக்கு அவ்வளவு மரியாதை போதும். கைக்குழந்தையோடு வந்தவருக்கு விடுதியின் கீழ்த்தளத்தில், மெஸ்ஸை ஒட்டி இரண்டு அறை கொடுத்தார்கள். குழந்தை அங்கேயே தவழ்ந்தது, அங்கேயே நடந்தது. பெண்கள் அவளுக்குக் 'குட்டி வார்டன்' என்று பெயர் வைத்து இடுப்பிலிருந்து இடுப்புக்கு மாற்றிக் கொஞ்சினார்கள். வளர்ந்ததும் அவளே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கி, மூலை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். வார்டனம்மா வாசலில் நின்றபடி அதைப் பார்ப்பார். "எம் பொண்ணு படு சமத்து. ஒரு பேச்சு கிடையாது, சாப்பிட்டோமா எந்திரிச்சோமான்னு இருப்பா" என்று சமையல்காரரிடம் பெருமையடித்துக்கொள்வார். அவருக்கு அதில் ஒரு நிம்மதி. பெண்ணைப் பார்க்க வேண்டிய வேலை ஒன்று குறைந்தது.

அந்தச் சமத்துதான் மேல்படிப்புக்கு வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்திலேயே எத்தனையோ இருக்க, பேருந்தில் அரை நாள் போக வேண்டிய இடம். வார்டனம்மா மறுக்கவில்லை. ஊரார் பெண்களையெல்லாம் வைத்துப் பார்க்கிறோம், நம் பெண்ணை எவளாவது பார்த்துக்கொள்ள மாட்டாளா என்று நினைத்தார். தினமும் ஃபோன் பேசினார்கள். "சாப்பிட்டியாடி?" "சாப்பிட்டேன்மா." "உடம்பு நல்லாருக்கா?" "நல்லாருக்கும்மா." அதற்குள் இங்கே யாராவது கதவைத் தட்டுவார்கள், பேச்சு முடிந்துவிடும்.

ஒரு மாலை வார்டனம்மா மாடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். ஒரு பெண் சுவரில் சாய்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டேன்மா. வயிறு ஃபுல்லா சாப்பிட்டேன்" என்றாள். அவள் கையில் பிரித்த பிஸ்கட் பாக்கெட் இருந்தது. வார்டனம்மாவைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். வார்டனம்மா சிரித்துவிட்டு நடந்தார். எத்தனை பார்த்திருக்கிறார்! படிக்கட்டில் நாலு படி இறங்கியதும் கால் நின்றுபோனது. அந்தக் குரல். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், ஒப்பிக்கிற மாதிரி வருகிற அந்த 'சாப்பிட்டேன்மா'. அதைத்தானே அவரும் தினமும் கேட்கிறார்.

உடனே மகளைக் கூப்பிட்டார்.

"என்னடி சாப்பிட்ட?"

"சாப்பாடுதான்மா."

"என்ன சாப்பாடு?"

"மெஸ் சாப்பாடுதான். ஏம்மா?"

உப்பு ஒரு சிட்டிகை கூடினால்கூட ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிடுகிற பெண். மெஸ் சாப்பாடு என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். வார்டனம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. மகளுடைய விடுதி வார்டனின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். தானும் ஒரு வார்டன் என்று சொல்லவில்லை. சொன்னால் நன்றாயிருக்காது என்று தோன்றியது. பெண்ணின் பெயரைச் சொல்லி, எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

மறுமுனையில் இளம் குரல், பாதி மூச்சில் ஓடிக்கொண்டே பேசுகிற குரல். "ரூம் நம்பர் என்னம்மா?" என்றது. எண்ணைச் சொன்னார். "ஓ, அவங்களா. நல்லா இருக்காங்கம்மா. காலைலகூட மெஸ்ல பாத்தேன். ஜாலியா பேசிக்கிட்டு இருந்தாங்க. நீங்க கவலையே படாதீங்க."

நன்றி சொல்லி ஃபோனை வைக்கக்கூட வார்டனம்மாவுக்குத் தோன்றாமல் அப்படியே நின்றார். அந்த வார்டன் பொய் சொல்கிறாள் என்று கோபம் வரவில்லை. கோபப்பட எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபப்படுவது? தன் மகள் எப்படி இருக்கிறாள் என்று இந்த உலகத்தில் யாருக்குமே தெரியவில்லை.

காலையில் விடுதி அலுவலக மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"நாளைக்கு ஆய்வுக் குழு வருது. இப்ப போய் லீவா? நீங்க இல்லாம எப்படி?" என்றார் மேலாளர்.

"எம் பொண்ணப் பாக்கணும் சார்."

"ஃபோன்ல பேசுங்களேன்."

"பேசிட்டேன் சார். அதான் போறேன்."

மேலாளர் என்ன சொன்னார் என்பதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுதி வாசலில் காவல் இருக்கும் வாட்ச்மேன் அம்மாவிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, அரக்கப் பரக்கப் பேருந்தைப் பிடித்தார்.

அந்த விடுதியின் வாசலில் பெற்றோர் உட்காரும் பெஞ்சு இருந்தது. இப்படி ஒரு பெஞ்சை அவர் எத்தனையோ வருடம் தன் மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார், அதில் உட்கார்ந்ததில்லை. பலகை நடுவில் சரிந்து கிடந்தது. தன் விடுதிப் பெஞ்சும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டார். இளம் வார்டன் தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கியபடி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஃபோனில் எவரிடமோ, "நல்லா இருக்காங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்து, "ரூம் நம்பர்?" என்றாள். வார்டனம்மா சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

கதவைத் திறந்த மகளைப் பார்த்ததும் வார்டனம்மாவுக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தியிருந்தது. போன வருடம் வாங்கிய சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. மேசைமேல் ரொட்டிப் பாக்கெட், காலி பிஸ்கட் உறைகள், தண்ணீர்ப் பாட்டில்.

"ஏம்மா வந்த? இன்ஸ்பெக்‌ஷன் இருக்குன்னியே?"

"அது கெடக்குது. நீ மெஸ்ஸுக்குப் போயி எத்தன நாளாச்சு?"

மகள் ஜன்னலைப் பார்த்தாள். வார்டனம்மா கட்டிலில் உட்கார்ந்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவருக்கு வார்த்தை தானாக வரும். எத்தனை பெண்களின் கட்டிலில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்! இன்று ஒன்றும் வரவில்லை. சும்மா இருந்தார். சும்மா இருந்ததுதான் நல்லதாகப் போயிற்று.

"ரூம்மேட் அவ கிளாஸ் பொண்ணுங்களோட போயிடுவா" என்றாள் மகள், மெதுவாக. "நான் முதல் வாரம் போனேன். தட்ட வாங்கிட்டு நின்னேன். எங்க போய் உக்கார்றதுன்னு தெரியல."

"எடம் இல்லையா?"

"எடம் இருந்துச்சும்மா. நான் போய் உக்காந்தா எல்லாரும் பேச்ச நிறுத்திருவாங்கன்னு தோணுச்சு."

"ஏன்டி நிறுத்தணும்? இங்க உன்ன யாருன்னே யாருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரியுதே." மகள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "ஸ்கூல் படிக்கும்போது ஒரு அக்கா ரூம்ல கரண்ட் அடுப்பு வச்சிருக்காங்கன்னு உங்கிட்ட சும்மா சொன்னேன், ஞாபகம் இருக்கா? நீ போய் பிடுங்கிட்ட. அதுக்கப்புறம் நான் எந்த டேபிள்ல உக்காந்தாலும் கப்சிப். அதான் மூலைல போய் உக்காந்தேன். நீ அத சமத்துன்னு சொல்லிக்கிட்டிருந்த."

வார்டனம்மாவுக்கு அந்த அடுப்பு நினைவில்லை. அவர் பிடுங்கிய அடுப்புகளுக்குக் கணக்கு ஏது? ஆனால் மூலை மேசை நினைவிருந்தது. வாசலில் நின்று, பெருமையாகப் பார்த்ததும் நினைவிருந்தது.

"சாப்பாட்டு நேரத்துல என்ன பண்ணுவ?"

"விளையாட்டு ரூமுக்குப் போவேன். அப்ப அங்க யாரும் இருக்க மாட்டாங்க. டேபிள் டென்னிஸ் மேசைல ஒரு பாதிய நிமித்தி வச்சா தனியா ஆடலாம். நாம அடிக்கறது நமக்கே திரும்பி வரும்." இதைச் சொல்லும்போது மகள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க வார்டனம்மாவால் முடியவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா, சாப்பிடப் போவோம்."

"வேணாம்மா."

"எனக்குப் பசிக்குதுடி. காலைல ஒண்ணும் சாப்பிடாம கெளம்புனது."

மெஸ்ஸில் கூட்டம் முக்கால்வாசி கலைந்திருந்தது. விருந்தினர் சீட்டு வாங்கி, தட்டை ஏந்தி, வரிசையில் நின்றார்கள். சோறும் முட்டையும் வாங்கிக்கொண்டு மகள் தன்னையறியாமல் மூலையைப் பார்த்து நடந்தாள். வார்டனம்மா நடுமேசையில் தட்டை வைத்து உட்கார்ந்துவிட்டார். மகள் வேறு வழியில்லாமல் வந்து எதிரில் உட்கார்ந்தாள். சுற்றிலும் யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

"நீ மெஸ்ல உக்காந்து சாப்பிட்டு நான் இப்பதாம்மா பாக்கறேன்" என்றாள் மகள். குற்றமாகச் சொல்லவில்லை. அது உண்மை, அவ்வளவுதான்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. இவருடைய விடுதியில் இருக்கும் ஒரு பெண்ணின் அம்மா. "மேடம், காலைலருந்து எம் பொண்ணு ஃபோன எடுக்கல மேடம்" என்று குரல் நடுங்கியது. வார்டனம்மாவின் வாய் பழக்கத்தில் தானாகவே தொடங்கிவிட்டது. "ரூம் நம்பர் என்னம்மா... ஆங், அந்தப் பொண்ணா..." மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அடுத்து வரப்போகிற வாக்கியத்தை அவள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். "இப்பதான்" என்றவர் அதோடு நின்றார்.

"தெரியலம்மா" என்றார். "நான் அங்க இல்ல. உங்க பொண்ணு எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியல. ஆள மேல அனுப்பி நேர்ல பாக்கச் சொல்றேன். பாத்துட்டு உங்களுக்குப் பேசச் சொல்றேன்." அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார். வார்டனம்மா வாட்ச்மேன் அம்மாவை அழைத்து மாடிக்கு அனுப்பினார். அந்தப் பெண் காய்ச்சலில் படுத்திருக்கிறாள், ஃபோன் உயிரில்லாமல் கிடக்கிறது என்று பதில் வந்தது. டாக்டரிடம் கூட்டிப் போகவும் அவள் அம்மாவுக்குப் பேசவும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தபோது சோறு ஆறியிருந்தது.

"எல்லா அம்மாகிட்டயும் அதையே சொல்லுவ" என்றாள் மகள். "நான் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே சாப்பிடுவேன். ஒருநாளும் நீ மெஸ்ஸ திரும்பிப் பாத்துட்டு சொன்னதில்ல."

மகள் சோற்றைப் பிசைந்தாள், ஒரு வாய் வைத்தாள், நெடுநேரம் மென்றாள்.

"நாளைக்கு நீ போயிருவ. அப்புறம் இங்க யார்மா உக்காருவா?"

ஊர் அம்மாக்களுக்கெல்லாம் கைவசம் பதில் வைத்திருந்தவர், "தெரியலடி" என்றார். கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவில்லை. "நாளைக்குப் போகல. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

மற்ற மேசைகள் காலியாகிவிட்டன. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு, தோளில் ஈரத்துணியோடு மெஸ் ஊழியர் ஒருவர் வந்து மேசை ஓரத்தில் நின்றார். மகள் பழக்கத்தில் சட்டென்று தட்டைத் தூக்கி எழப் பார்த்தாள். வார்டனம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மூடணும்மா. டேபிள் தொடைக்கணும்" என்றார் ஊழியர்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றார் வார்டனம்மா. "எம் பொண்ணு சாப்பிடறா."